சிவப்புப் புத்தகமும் எங்கள் பிரஸ் கட்டிங் மெஷினும்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் 19 வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டும். ஆங்கிலம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். மூலப்பிரதியில் இருக்கும் எழுத்து அச்சிலும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஓர் 'எஸ்' விட்டுப்போனால் கண்ணில் குத்தும். அந்த எஸ் அங்கே எதற்கு வந்தது என்று கேட்டால் முழிப்பேன். போன வருடம் வரை முழித்தேன்.

போன வருடம் மகள் பத்தாம் வகுப்புக்குப் போனாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி. கணக்கிலும் அறிவியலிலும் கவலை இல்லை. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் நூற்றுக்கு 41. "35 எடுத்தாலே பாஸ், இவள் ஆறு மார்க் கூடத்தானே வாங்கியிருக்கிறாள்" என்றாள் அவள் அம்மா. விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மனப்பாடப் பாட்டுக்கு முழு மதிப்பெண். பாடத்திலிருந்து கேட்ட பத்தி வினாக்களுக்கு நோட்டில் இருந்ததை அச்சுப் பிசகாமல் இறக்கியிருந்தாள். ஆனால் பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்து, படித்துப் பதில் எழுதச் சொன்ன இடத்தில், ஐந்து கேள்விக்கும் பத்தியின் முதல் வரியையே ஐந்து முறை எழுதி வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

அப்புறம் எல்லாப் பெற்றோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் ஒரு டியூஷன். மாதம் 600 ரூபாய். பலகையில் எழுதிப் போட்டதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள், இரண்டு மாதத்தில் இரண்டு நோட்டு தீர்ந்தது. பிறகு போனில் ஒரு செயலி. தினமும் வந்தால் நெருப்புப் படம் காட்டிப் பாராட்டியது. எட்டாம் நாள் பணம் கேட்டது. பிறகு ஒரு கைடு. கைடைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, அந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கைடில் செயப்பாட்டு வினைக்குக் கொடுத்திருந்த 20 விடைகளில் இரண்டு, அதே கைடின் வேறு பக்கத்தில் வேறு மாதிரி இருந்தன. புரூஃப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தப்பாது.

இந்த இடத்தில்தான் எங்கள் டிடிபி பிரிவில் இருக்கும் தங்கச்சி ஒரு நீலப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிடும் ரேமண்ட் மர்பியின் இலக்கணப் புத்தகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கையில் இந்த நீலத்தைப் பார்த்திருப்பீர்கள். 1985-இல் முதலில் வந்தது, இன்னும் புதுப்புதுப் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்துப் போனேன். பத்தே நாளில் ஏழாவது, எட்டாவது யூனிட்டில் வண்டி நின்றுவிட்டது. 'ஹேவ் கான்', 'ஹேவ் பீன்' என்று வந்ததும் மகள் புத்தகத்தை மூடி, மேலே தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தின் மேல் செம்பு ஏறினால் அதன் கதை முடிந்தது என்று பொருள்.

நீலப் புத்தகத்தின் மேல் குற்றமில்லை. அது இடைநிலை மாணவருக்கு எழுதியது. 'டஸ்' எங்கே, 'டிட்' எங்கே என்று தடுமாறுகிற பிள்ளைக்கு அதைக் கொடுத்தது என் தப்பு. பத்தாம் வகுப்பு என்றால் பத்தாம் வகுப்புக்குத் தக்க கனமான புத்தகம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ஆசிரியர் அதற்கு ஒரு படி கீழே, தொடக்க நிலைக்காரர்களுக்கு எழுதிய சிவப்புப் புத்தகம் இருக்கிறது. முதலில் வந்தது 1990-இல். இந்தியப் பதிப்பு 'எசென்ஷியல் இங்லிஷ் கிராமர்' என்ற பெயரில் கிடைக்கும். மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் 90 ரூபாய்க்கு வாங்கினேன். யாரோ முதல் 11 யூனிட் வரை பென்சிலால் எழுதி, அதோடு நிறுத்தியிருந்தார்கள். ரப்பர் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழித்தேன்.

இனி நான் எழுதப்போவது இந்தச் சிவப்புப் புத்தகத்தைப் பற்றி.

முதலில் அச்சுக்காரனாகச் சொல்கிறேன். புத்தகத்தைத் திறந்தால் இடதுபக்கம் விளக்கம், வலதுபக்கம் பயிற்சி. அடுத்த தாளைத் திருப்பினால் அடுத்த யூனிட், மறுபடியும் இடது விளக்கம், வலது பயிற்சி. நூற்றுச் சொச்சம் யூனிட்டும் இதே கட்டுதான். பார்க்கிறவருக்கு இது சாதாரணமாகத் தெரியும். பக்கம் கட்டுகிறவனைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடம் ஒன்றே கால் பக்கத்தில் முடியும், இன்னொன்று மூன்று பக்கம் ஓடும். எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றால் எழுதுகிறவர் வெட்டியாக வேண்டும். விதிக்கு விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று நீட்ட முடியாது. இந்தப் புத்தகத்தின் பலமே அந்த வெட்டுதான். எங்கள் ஊரில் அச்சாகும் பாதி இலக்கணப் புத்தகங்களில் பெயர்ச்சொல்லின் வகைகளைச் சொல்லவே 14 பக்கம் போகிறது. இதில் முதல் யூனிட்டே 'ஆம், இஸ், ஆர்'. இடதுபக்கம் சின்னச் சின்னக் கோட்டோவியங்கள், ஒரு கட்டம், சில வாக்கியங்கள். படித்துவிட்டுக் கண்ணை வலப்பக்கம் திருப்பினால் வேலை தயார். தாளைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டியதில்லை.

விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில்தான். தமிழ் வழிப் பிள்ளை தனியாக உட்கார்ந்து படித்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் 20 யூனிட்டுக்காவது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். இரவு எட்டரை மணிக்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் திண்ணையில் உட்காருவோம். ஒரு நாளைக்கு ஒரு யூனிட். காலண்டர் சீசனில் நான் பத்து மணிக்கு மேல்தான் வருவேன், அந்த நாட்களில் கிடையாது.

விடைகள் புத்தகத்தின் கடைசியில் இருக்கின்றன. முதல் வாரம் எல்லாம் சரியாகவே வந்தது. எனக்குச் சந்தேகம். நாலாம் யூனிட்டில் அவள் எழுதியிருந்த விடையில் 'அல்லது' என்று பொருள் தரும் 'ஆர்' ஒன்று வந்திருந்தது. பக்கத்தில் ஒரு சாய்கோடு, மறுபடி ஒரு விடை. அதாவது இதுவும் சரி, அதுவும் சரி என்று விடைப்பகுதியில் போட்டிருந்ததை, அந்தச் சாய்கோடு உட்பட இறக்கியிருக்கிறாள். "என்ன தாயி இது?" என்றேன். "அதுல அப்படித்தாம்ப்பா போட்ருக்கு" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் புத்தகத்தைப் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போய், பைண்டிங் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் ஒரு தடவை புத்தகத்தைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். "நல்ல புஸ்தகத்தை ஏன்யா வெட்டச் சொல்ற?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அட்டையைப் பிரித்து, கட்டிங் மெஷினில் முதுகைக் கால் அங்குலம் எடுத்தார். விடைப்பகுதியைத் தனியாகப் பிரித்து, பழைய காலண்டர் அட்டை ஒன்றை ஒட்டித் தனிப் புத்தகமாக்கினார். முருகன் படம் போட்ட அட்டை. மீதியை மறுபடி பசை போட்டு ஒட்டி, அதே சிவப்பு அட்டையை மாட்டிக் கொடுத்தார். அன்று முதல் புத்தகம் வீட்டில், முருகன் அட்டை போட்ட விடைகள் பிரஸ்ஸில் என் மேஜை டிராயரில். அவள் எழுதி வைப்பாள், நான் இரவில் முருகனைப் பையில் போட்டுக் கொண்டுவருவேன். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் தப்புகள் வெளியே வந்தன. தப்பு தெரிய ஆரம்பித்ததும்தான் எனக்கு நம்பிக்கையும் வந்தது.

எந்தத் தப்பு என்று சொல்கிறேன். வேறு வீடுகளிலும் இதுவாகத்தான் இருக்கும்.

'டோன்ட், டஸன்ட், டிடன்ட்' மூன்றும் வருகிற யூனிட்டுகளில் எங்கள் வீட்டில் 11 நாள் போனது. ஒரு நாளைக்கு ஒரு யூனிட் என்ற கணக்கே அங்கே உடைந்தது. ஏன் இப்படிச் சறுக்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நான் போகவில்லை, நீ போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை. ஆள் மாறுகிறது, 'போகவில்லை' மாறவே இல்லை. நேற்றுப் போகவில்லை, இன்னும் போகவில்லை. காலமும் அந்தச் சொல்லில் தெரிவதில்லை. வருகிறான், வருகிறாள், வந்தார்கள் என்று உடன்பாட்டில் இவ்வளவு விகுதி போடுகிற நம் மொழி, 'இல்லை' வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, மறுக்கும்போதும் ஆளும் காலமும் பார்க்க வேண்டும் என்பது ஏறவே ஏறாது. 'ஹி டோன்ட் வென்ட்' என்று அவள் எழுதியது சோம்பலால் இல்லை. 'போகல' என்ற ஒரே சொல்லை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு ஆங்கிலச் சட்டை தைத்திருக்கிறாள்.

இதைப் புத்தகம் சொல்லாது. உலகம் முழுக்க எல்லா மொழிக்காரருக்கும் எழுதிய புத்தகத்தில் தமிழைப் பற்றி எப்படி எழுதுவார்கள்? அந்த யூனிட்டின் ஓரத்தில் நானே பென்சிலால் எழுதி வைத்தேன்: தினமும் போவதில்லை, நேற்றுப் போகவில்லை, இன்னும் போகவில்லை, முதலாவதற்கு 'டோன்ட்' அல்லது 'டஸன்ட்', இரண்டாவதற்கு 'டிடன்ட்', மூன்றாவதற்கு 'ஹேவன்ட்' அல்லது 'ஹேஸன்ட்'. அதற்குப் பிறகு அவள் வாக்கியத்தை எழுதுமுன் தினமுமா, நேற்றா, இன்னுமா என்று வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். தப்பு பாதியாகக் குறைந்தது.

அந்த எஸ் விவகாரமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. தமிழில் வினையைப் பார்த்தாலே ஆள் தெரியும். வந்தேன் என்றால் நான், வந்தாள் என்றால் அவள். ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் எல்லாம் அநேகமாக மொட்டை. படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் மட்டும் அந்த ஒரு எஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 19 வருடம் அதை எழுத்தாக மட்டும் பார்த்திருக்கிறேன்.

'கான்' என்பதற்கும் 'பீன்' என்பதற்கும் வித்தியாசம் சொல்கிற இடத்தில் நிலைமை தலைகீழ். நீலப் புத்தகத்தில் செம்பு ஏறக் காரணமாக இருந்த அதே விஷயம். சிவப்பில் ஒரு யூனிட்டின் கடைசியில் இரண்டு வரியில் வருகிறது. மகள் படித்துவிட்டு, "போயிருக்கார், போயிட்டு வந்திருக்கார், அவ்ளோதானப்பா?" என்றாள். அவ்வளவேதான். அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார் என்றால் ஆள் இப்போது வீட்டில் இல்லை, 'கான்'. மதுரைக்குப் போய் வந்திருக்கிறார் என்றால் 'பீன்'. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, நான் எதையோ சுற்றி வளைத்து விளக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

இடத்துக்கும் நேரத்துக்கும் வருகிற 'அட், ஆன், இன்' யூனிட்டுகள் நன்றாக இருக்கின்றன. ஊடாக, குறுக்காக, மேலாக என்று போகிற வழியைக் காட்டும் சொற்களுக்கு ஒரு யூனிட் உண்டு. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வரைபடம் கொடுத்து வழி சொல்லச் சொல்லும் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது நேராக உதவியது. எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வரை வழி எழுதச் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டி, ரயில்வே கேட்டைக் கடந்து, பெட்டிக்கடையை ஒட்டி என்று எழுதிவிட்டு, கேட் மூடியிருந்தால் நிற்கவும் என்று தானாக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாள்.

'ஏ, ஆன், தி' பற்றிய யூனிட்டுகளை நாங்கள் முடித்தோம், அவ்வளவுதான் சொல்ல முடியும். புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது இந்தப் புத்தகத்தில் இல்லாதவை. பொதுத்தேர்வை மட்டும் மனதில் வைத்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் தேர்வில் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்று, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்று, தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக மாற்று என்று வரும். சிவப்புப் புத்தகத்தின் நோக்கம் அதுவே இல்லை. செயப்பாட்டு வினை கொஞ்சமாக வருகிறது. அயற்கூற்றில், ஒருவர் சொன்ன செய்தியைத் திருப்பிச் சொல்வது வரைதான். கேள்வியை, கட்டளையை, வியப்பை அயற்கூற்றில் மாற்றுகிற வித்தையெல்லாம் இதில் கிடைக்காது. வாக்கிய மாற்றம் அறவே கிடையாது. அந்த வகை வினாக்களுக்கு ரென் அண்ட் மார்ட்டின் வழிதான் இன்றைக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியப் பள்ளிகளுக்காக எழுதி, பிற்பாடு என்.டி.வி. பிரசாத ராவ் திருத்தியமைத்த அந்தத் தடிப் புத்தகம் பள்ளி நூலகத்தில் இருந்தால் போதும், சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. மகள் பள்ளியில் அவளுடைய ஆங்கில ஆசிரியை அந்தப் பகுதிகளை நன்றாகவே நடத்தினார். சிவப்பில் அடிப்படை ஊன்றியிருந்ததால் அவர் சொன்னது இவளுக்கு ஏறியது. ஒன்பதாம் வகுப்பிலும் அதே ஆசிரியைதான், அதே பாடம்தான்.

இலக்கணம் இத்தோடு இருக்கட்டும். வாசிப்புக்கு வருகிறேன். அந்த ஐந்து விடைகளில் என்னை உறுத்தியது வாசிப்புத்தான். கோடிட்ட இடத்தை நிரப்பி நிரப்பி, கோடிட்ட இடத்தை நிரப்பத்தான் தெரியும். சிவப்புப் புத்தகம் பத்திகளைப் படிக்கச் சொல்லித்தராது. அதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

பிரஸ்ஸில் முக்கியமான வேலை வந்தால் புரூஃபை இரண்டு பேராகப் பார்ப்போம். ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார். வார்த்தையை மட்டும் இல்லை, கமா, புல்ஸ்டாப், புது பாரா, மேற்கோள் ஆரம்பம், மேற்கோள் முடிவு எல்லாம் வாய்விட்டுச் சொல்வார். இன்னொருவர் புரூஃபில் கண்ணை ஓட்டுவார். வீட்டில் அதையே செய்தோம். ஆங்கிலப் பத்தியை அவள் புள்ளி, கமாவோடு சத்தமாகப் படிக்க வேண்டும். அதன் நகலை வைத்துக்கொண்டு நான் தொடர வேண்டும். எங்கேயாவது ஒரு சொல்லைத் தாண்டினால் பென்சிலால் தட்டுவேன். தினம் பத்து நிமிடம். முதலில் சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து, "இதென்ன மந்திரமா?" என்றாள். இரண்டு மாதத்தில் ஒன்று நடந்தது. கமா என்று சொல்லும்போது அவளாகவே நிறுத்த ஆரம்பித்தாள், நிறுத்திய இடத்தில் பொருள் பிடிபட்டது. முன்பெல்லாம் ஒரு பத்தி முழுவதும் அவளுக்கு ஒரே வார்த்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும். நிறுத்தக்குறி இடச் சொல்லும் வினாவுக்கு அதற்குப் பிறகு அவள் மதிப்பெண் விட்டதில்லை.

எதைப் படிப்பது? பத்தாம் வகுப்புப் பாடநூலின் முதல் பாடம், பறக்கப் பயந்து பாறை விளிம்பில் நிற்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சைப் பற்றியது. அருமையான கதை. ஆனால் ஒரு வரிக்கு மூன்று சொல் தெரியாத பிள்ளைக்கு அதில் கதை தெரியாது, அகராதிதான் தெரியும். முதலாளி வீட்டில் அவர்கள் பிள்ளைகள் படித்து முடித்த ஆக்ஸ்போர்டு புக்வார்ம்ஸ் வரிசைப் புத்தகங்கள் நான்கு கிடைத்தன. படிநிலை வாசிப்புப் புத்தகங்கள். முதல் படியில் அடிப்படைச் சொற்கள் 400, இரண்டாம் படியில் 700, மூன்றில் 1000, இப்படி ஆறாம் படியில் 2500 வரை போகும். கதை பெரியவர்களுக்கு உரியது, சொற்கள் மட்டும் எண்ணி அளந்தவை. இந்த வயதுக்கு இதுதான் முக்கியம். ஸ்டோரிவீவரிலும் முயன்றோம். பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த இணையதளம், எல்லாம் இலவசம், நான்கு நிலைகளில் கதைகள், பலவற்றுக்குத் தமிழும் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் அச்சடித்துக்கொள்ளவும் தடையில்லை. எனக்கு அது போதாதா? மேப்லித்தோ வெட்டுத்தாள் மிச்சத்தில் எட்டுக் கதைகளை அடித்து, நடுவில் பின் அடித்துக் கொண்டுபோனேன். முதல் புத்தகத்தில் யானைக்குட்டி படத்தைப் பார்த்ததும், "அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதுப்பா" என்று தள்ளிவிட்டாள். கோபம் நியாயமானது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஆங்கிலம் சின்னதாக இருக்கலாம், கதையும் சின்னதாக இருந்தால் மானம் போகிறது. நான்காம் நிலையில் இருக்கும் அறிவியல் கதைகளை அடித்துக் கொடுத்தேன், அவற்றைப் படித்தாள். யானைக்குட்டி பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போயிற்று.

மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இரண்டு முறை கூட்டிப் போனேன். 2023-இல், காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 அன்று திறந்தது. எங்கள் மாவட்டத்துப் பெரியவர் நினைவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனோம். குளிர்சாதன வசதி, நல்ல நாற்காலிகள், யாரும் எழுப்பிவிடுவதில்லை. காலையில் போனால் மாலை வரை அவள் வெளியே வருவதாக இல்லை. சிவகாசியிலிருந்து பஸ்ஸில் போய் வருவதுதான் கஷ்டம், மாதம் ஒரு முறைக்கு மேல் நடக்காது.

அரையாண்டில் 63 வந்தது. பொதுத்தேர்வில் 74. ஊரை அழைத்துச் சொல்கிற மதிப்பெண் இல்லை. ஆனால் அரையாண்டு விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பார்க்காத பத்திக்கு ஐந்து கேள்வி, ஐந்து வெவ்வேறு விடைகள். ஒன்று தப்பு. தப்பும் யோசித்து எழுதிய தப்பு.

டிசம்பரில் இன்னொன்று நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்து டைரி வேலை, அவசரம். ஆங்கிலப் பக்கங்களின் புரூஃபை வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இதுல 'டஸ்' வந்திருக்குல்ல, அப்புறம் எப்படி எஸ் வரும்?" என்று விரல் வைத்தாள். மூலப்பிரதியிலும் அப்படித்தான் இருந்தது. ஆகவே என் கணக்கில் அது தப்பே இல்லை. மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, திருத்திவிடுங்கள் என்றார்கள்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடையில் சிவப்பைக் கேட்டால் நீலத்தை எடுத்துக் கொடுத்து, "பத்தாவதுன்னா இதுதான் சார்" என்பார்கள். அசையாதீர்கள். பிள்ளையிடம் 'நேற்று நான் பள்ளிக்குப் போகவில்லை' என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். தடுமாறாமல் எழுதினால் நீலம், தடுமாறினால் சிவப்பு. விடைகளுடன் வரும் பதிப்பா என்று பாருங்கள், விடை இல்லாத பதிப்பை வாங்கிவிட்டு என்னைப் போன்ற அப்பா என்ன செய்வது? பழைய புத்தகம் என்றால் கடைசிப் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வாங்கிய புதிதில் நான் பார்க்கவில்லை, அதிர்ஷ்டம். பேனாவால் எழுதியிருந்தால் வேண்டாம்.

பொதுத்தேர்வு முடிந்த வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்து சிவப்புப் புத்தகத்தைக் கேட்டாள். அந்தப் பிள்ளை இந்த வருடம் பத்தாவது. மகள் என்னைப் போலவே ரப்பரை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் அழித்தாள். 'தினமுமா, நேற்றா, இன்னுமா' என்று நான் எழுதி வைத்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டாள். புத்தகத்தைக் கொடுக்கும்போது அந்தப் பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆன்சர் எங்க?" என்று கேட்டது.

"முருகன் அப்பா டிராயர்ல இருக்காரு" என்றாள் மகள்.